தொழில்முனைவைக் கற்பிக்கலாம், மூலதனத்தைக் கற்பிக்க முடியுமா?

(மைசூரில் நடைபெற்ற மார்க்சியப் படிப்பு வட்டக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2025 பிப்ரவரியில், இதே மைசூரில், இன்போசிஸ் நிறுவனத்தின் பயிற்சி வளாகத்திலிருந்து 300க்கும் மேற்பட்ட இளம் பட்டதாரிகள் வெளியேற்றப்பட்டார்கள். பணிக்கான கடிதத்தைப் பெற்ற பிறகு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருந்து, 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பயிற்சியில் சேர்ந்தவர்கள் அவர்களுள் பலர். உள்தேர்வில் மூன்று வாய்ப்புகளிலும் அவர்கள் தேறவில்லை, ஒப்பந்தத்திலேயே அந்த நிபந்தனை இருக்கிறது என்று நிறுவனம் விளக்கியது. ஊழியர் அமைப்பு இதை ஏற்கவில்லை. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகத்திடம் முறையிட்டது. அமைச்சகமோ மாநிலத் தொழிலாளர் துறையைத் தலையிடச் சொன்னது. கல்விக் கடன் வாங்கிப் படித்த பிள்ளை, பெட்டியுடன் வாசலில் வந்து நின்ற காட்சியைப் பல வீடுகள் கண்டன.

வேலை கிடைக்காத, கிடைத்த வேலையும் நிலைக்காத இத்தகைய இளைஞர்களின் காதில் கடந்த பத்தாண்டுகளாக ஓர் உபதேசம் ஓதப்பட்டு வருகிறது. வேலை தேடாதே, வேலை கொடுப்பவனாக மாறு என்பதே அது. 2016 ஜனவரியில் ‘ஸ்டார்ட்அப் இந்தியா’ தொடங்கப்பட்டது. கல்லூரிதோறும் தொழில்முனைவு மையங்கள் தோன்றின. மேலாண்மைக் கல்வி நிறுவனங்கள் தொழில்முனைவைத் தனிப் பாடமாக, தனிப் பட்டமாகவே விற்கின்றன. பத்து லட்சம், இருபது லட்சம் என்று கட்டணம் செலுத்துவதற்காக நிலத்தையோ நகையையோ அடகு வைக்கும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. ஆகவே, தொழில்முனைவை வகுப்பறையில் கற்பிக்க முடியுமா என்ற கேள்வி கல்வியாளர்களுக்கு மட்டும் உரிய விவாதம் என்று தள்ளிவிடத் தக்கதன்று. உழைக்கும் குடும்பங்களின் பணமும் பிள்ளைகளின் வாழ்வும் அதில் பணயமாக வைக்கப்பட்டிருக்கின்றன.

கற்பிக்கக் கூடியது எது?

இக்கேள்விக்கு இரண்டு விடைகள் வழக்கமாகத் தரப்படுகின்றன. தொழில்முனைவு பிறவிக் குணம், அதைக் கற்பிக்க இயலாது என்பது ஒன்று. தக்க பாடத்திட்டம் இருந்தால் எவரையும் தொழில்முனைவோராக்கலாம் என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தோன்றும் இவ்விரண்டும் ஓர் இடத்தில் ஒன்றுபடுகின்றன. தொழில்முனைவு தனிமனிதனுக்குள் இருக்கும் ஒரு பண்பு என்றே இரண்டும் கருதுகின்றன.

கணக்கு எழுதுதல், அடக்க விலை காணுதல், கொள்முதல், வரிச் சட்டம், சந்தையை அறிதல் ஆகிய அனைத்தும் கற்பிக்கக் கூடியவையே. மேலாண்மைப் பள்ளிகள் தோன்றுவதற்கு மிக முன்பே இவை கற்பிக்கப்பட்டன. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடைகளில் ‘பெட்டியடிப் பையன்’ என்ற நிலையில் சிறுவன் வேலைக்குச் சேர்வான். கணக்கையும் கடிதப் போக்குவரத்தையும் பழகி ‘அடுத்தாள்’ ஆவான். பின்னர் முகவராகி, மூன்றாண்டுக் கணக்கில் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ செல்வான். இதைவிடக் கறாரான பயிற்சித் திட்டத்தை எந்தப் பல்கலைக்கழகமும் வகுத்ததில்லை. ஆனால், அந்தச் சிறுவன் கற்றுக்கொண்ட கணக்கு மட்டும் அவனைப் பின்னாளில் முதலாளி ஆக்கிவிடவில்லை. தனிக் கடை வைக்க முற்படும்போது கடன் கொடுக்க அவனுடைய சமூகத்தின் கடைகளே இருந்தன. அவனுடைய பெயரை அங்காடி நம்பியது. அதே கடையில் அதே கணக்கைக் கற்ற வேறொரு சாதிச் சிறுவனுக்கு அந்தக் கதவு திறந்திருக்குமா? கல்வி ஒன்றே என்றாலும் கடன் வேறு. தொழில்முனைவு பற்றிய விவாதத்தில் மறைக்கப்படுவது இந்த வேறுபாடுதான்.

மேலாண்மைப் பள்ளிகளின் பாதை

மேலாண்மைப் பள்ளியில் தொழில்முனைவைப் பாடமாக்கியது அமெரிக்காவின் ஹார்வர்டு. 1947இல், இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் மாணவர்களாக நிறைந்திருந்த காலத்தில், புதிய நிறுவனங்களைத் தொடங்கி நடத்துவது பற்றிய பாடம் அங்கே தொடங்கப்பட்டது. போருக்குப் பிந்தைய அமெரிக்கப் பொருளாதாரம் விரிந்துகொண்டிருந்தது. படைவீரர்களின் கல்விச் செலவையும் கடன் உத்தரவாதத்தையும் அரசே ஏற்றிருந்தது. அந்தப் பாடத்தின் வெற்றியைப் பேசுவோர் அந்த அரசுச் செலவைப் பேசுவதில்லை.

இந்தியாவில் 1961இல் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் நிறுவப்பட்டன. பெங்களூருவில் 1973இல் நிறுவப்பட்ட கழகத்தின் தொடக்க கால நோக்கங்களுள் முக்கியமானது, பொதுத்துறை நிறுவனங்களுக்கு மேலாளர்களை உருவாக்குவது. இன்று அதே கழகம் ஸ்டார்ட்அப் நிறுவனங்களை வளர்க்கும் மையத்தால் அறியப்படுகிறது. பொதுத்துறையை விற்றுக்கொண்டே வந்த ஓர் அரசின் கீழ், பாடத்திட்டம் எந்தத் திசையில் நகர்ந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தொழில்முனைவைக் கற்பிக்க முடியுமா என்பதைச் சோதனை செய்து பார்த்த இடமும் இந்தியாவே. அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட், சாதிக்க வேண்டும் என்ற உந்துதலே பொருளாதார வளர்ச்சியின் ஊற்று என்று 1961இல் எழுதினார். அந்த உந்துதலைப் பயிற்சியால் ஊட்டலாம் என்று காட்டுவதற்காக, ஆந்திரத்தின் காக்கிநாடாவிலிருந்து தொழில்வணிகர்களை அழைத்து, ஐதராபாத்தில் இருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்தின் வழியாக 1964இல் பயிற்சி அளித்தார். பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைக் காட்டிலும் சுறுசுறுப்பாகத் தொழிலை விரிவாக்கினார்கள் என்று 1969இல் வெளியான அவரது நூல் கூறியது. அந்த முடிவை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயிற்சிக்கு வந்தவர்கள் ஏற்கெனவே தொழிலும் கடையும் உடையவர்கள். கையில் மூலதனம் உள்ளவனின் ஊக்கத்தைப் பயிற்சி கூட்டியது. காக்கிநாடாத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரை அந்தச் சோதனை அழைத்துச் செல்லவில்லை. அவருக்கு ஊக்கக் குறைவு இருந்ததாக எவரும் நிறுவவும் இல்லை.

இதற்கு மாறான ஓர் அனுபவம் கர்நாடகத்திலேயே உண்டு. 1982இல் தட்சிண கன்னட மாவட்டத்தின் உஜிரேயில், தர்மஸ்தலா அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் இணைந்து கிராமப்புற இளைஞர்களுக்கான சுயதொழில் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கின. கட்டணம் கிடையாது, உணவும் தங்குமிடமும் அங்கேயே. பயிற்சி முடித்தவர்களுக்கு வங்கிக் கடன் பெற உதவி செய்யப்பட்டது. பின்னர் நாடெங்கும் மாவட்டந்தோறும் இத்தகைய நிறுவனங்கள் தொடங்க அதுவே முன்மாதிரி ஆயிற்று. அதன் வலிமை பாடத்திட்டத்தில் மட்டும் இல்லை. கற்பித்த இடத்திலேயே, 1969இல் நாட்டுடைமை ஆக்கப்பட்ட வங்கிகள் உட்கார்ந்திருந்தன. பயிற்சியையும் கடனையும் பிரிக்காமல் வைத்ததால் தையற்காரரும் மெக்கானிக்கும் ஒரு கடையேனும் வைக்க முடிந்தது. மேலாண்மைப் பள்ளியின் பட்டமோ கட்டணத்தை வாங்கிக்கொண்டு, கடன் சுமையோடு மாணவரை வாசலில் விட்டுவிடுகிறது.

பத்தாயிரம் ரூபாயின் கதை

தொழில்முனைவு வகுப்புகளில் தவறாமல் சொல்லப்படும் கதை இன்போசிஸ் நிறுவனத்தின் கதை. 1981இல் ஏழு பொறியாளர்கள் சேர்ந்து, நாராயணமூர்த்தியின் மனைவி சுதா மூர்த்தி கொடுத்த 10,000 ரூபாயில் தொடங்கிய நிறுவனம் என்பார்கள். அது பொய்யன்று. ஆனால் முழுக் கதையும் அதுவன்று.

பள்ளி ஆசிரியரின் மகனான நாராயணமூர்த்தி மைசூரு தேசியப் பொறியியல் நிறுவனத்தில் படித்து 1967இல் பட்டம் பெற்றார். பின்னர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1969இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அந்த ஐ.ஐ.டி. மக்கள் வரிப் பணத்தில் நடந்தது. அடுத்து அவர் கணினியில் பணியாற்றிய ஆமதாபாத் மேலாண்மைக் கழகமும் அவ்வாறே. அன்றைய இந்தியாவில் கணினியைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பே மிகச் சிலருக்குத்தான் இருந்தது. அவரோ நிறுவனத்தைத் தொடங்கிய மற்றவர்களோ தொழில்முனைவைப் பாடமாகப் படித்துவிட்டு வரவில்லை. ஒரே மென்பொருள் நிறுவனத்தில் ஊதியத்துக்கு வேலை செய்து, வெளிநாட்டு வாடிக்கையாளரையும் வேலை முறையையும் அறிந்துகொண்டு வெளியேறியவர்கள் அவர்கள்.

அதன்பின் நடந்ததும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும். 1991இல் மத்திய அரசு மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்களை உருவாக்கிச் செயற்கைக்கோள் தொடர்பு வசதியை ஏற்படுத்தித் தந்தது. மென்பொருள் ஏற்றுமதி லாபத்துக்கு வருமான வரி விலக்கு 2011 வரை நீடித்தது. மாநில அரசுகள் நிலம் கொடுத்தன. அரசுக் கல்லூரிகளும் அரசு உதவி பெற்ற கல்லூரிகளும் ஆங்கிலம் அறிந்த பொறியாளர்களைக் குறைந்த ஊதியத்துக்கு ஆயிரக்கணக்கில் அனுப்பிக்கொண்டிருந்தன. பத்தாயிரம் ரூபாய் விதை என்றால் நிலமும் நீரும் எருவும் பொதுமக்களுடையவை. வகுப்பறையில் விதையின் கதை மட்டும் சொல்லப்படுகிறது. ஹெப்பாளில் நிற்கும் அந்த மாபெரும் பயிற்சி வளாகம் என்ன செய்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். தொழில்முனைவின் இலக்கணம் என்று கொண்டாடப்படும் நிறுவனம் அங்கே தொழில்முனைவோரைப் பயிற்றுவிக்கவில்லை. ஊழியர்களைப் பயிற்றுவிக்கிறது, வேண்டாதபோது வெளியேற்றவும் செய்கிறது.

‘கற்பிப்பதோடு நில்’

தோழர்களே! மக்களுக்குக் கற்பித்தால் போதும், அரசு வேறெதுவும் செய்யத் தேவையில்லை என்ற கொள்கை புதியதன்று. அதற்கு ஒரு காலனியப் பிறப்பிடம் உண்டு. அந்த வரலாற்றில் சென்னைக்கும் மைசூருக்கும் ஒருங்கே பங்கு இருக்கிறது.

ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியியல் பேராசிரியர் 1898இல் சென்னைக் கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். முயற்சி வெற்றி பெற்றதும் அது தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அடுத்துக் குரோம் தோல் பதனிடுதலில் அவர் இறங்கினார். 1908இல் உதகமண்டலத்தில் கூடிய தொழில் மாநாட்டை அடுத்துச் சென்னை மாகாணத்தில் தொழில் துறை உருவாக்கப்பட்டது. அரசே முன்மாதிரி ஆலைகளை நடத்திக் காட்டி, உள்ளூர்த் தொழிலை வளர்க்கலாம் என்பது திட்டம். சென்னையிலிருந்த ஐரோப்பிய வணிகர்கள் கொதித்தெழுந்தார்கள். 1910 ஜூலையில், இந்திய விவகாரங்களுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மார்லி பிரபு தமது முடிவை அனுப்பினார். தொழிற்கல்விக்கு அரசுப் பணத்தைச் செலவிடலாம், புதிய முறைகளைக் கற்றுக்கொடுக்கலாம், ஆனால் அரசு ஆலை நடத்தி வணிகத்தில் இறங்கக் கூடாது, அது தனியாருக்கு உரியது என்பது அதன் சாரம். சுருங்கச் சொன்னால், கற்பிப்பதோடு நில் என்பது ஆணை. சென்னையின் தொழில் துறை முடங்கியது.

சாட்டர்டன் 1912இல் மைசூருக்கு வந்து தொழில், வணிகத் துறை இயக்குநரானார். அதே ஆண்டில் விஸ்வேஸ்வரய்யா திவானானார். சுதேச சமஸ்தானமாக இருந்ததால், சென்னை மாகாணத்தைக் கட்டிய அந்த ஆணை மைசூரை அதே அளவில் கட்டவில்லை. 1912இல் மைசூரில் அரசுப் பட்டு நெசவாலை. 1913இல் மைசூர் வங்கி. 1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகம். அதுவரை ஜெர்மனிக்கு மரமாகவே ஏற்றுமதியான சந்தனம் 1914இல் போரால் தேங்கி நின்றபோது, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் எண்ணெய் வடிக்கும் முறையைக் கண்டார்கள். 1916இல் பெங்களூருவிலும் 1917இல் மைசூரிலும் அரசுச் சந்தன எண்ணெய் ஆலைகள் எழுந்தன. சோப்பு வேதியியலைக் கற்று வருவதற்கு எஸ்.ஜி. சாஸ்திரி என்ற வேதியியலாளர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். கற்றுத் திரும்பியவருடைய அறிவைப் பயன்படுத்த அரசின் சோப்புத் தொழிற்சாலை இருந்தது. பத்ராவதி இரும்பாலை 1923இல் உற்பத்தியைத் தொடங்கியது. மைசூரில் 1937இல் தொடங்கிய அரசு அரக்கு வண்ண ஆலை, 1962 பொதுத்தேர்தல் முதல் அழியா மையைத் தயாரித்து வருகிறது. இந்நாட்டு வாக்காளர் ஒவ்வொருவரின் விரலிலும் மைசூரின் பொதுத்துறை ஒரு கோடு இழுத்திருக்கிறது.

மைசூரில் அன்று கற்பித்தலும் நடந்தது. வங்கியும் மின்சாரமும் ஆலையும் கூடவே வந்தன. சென்னையில் கற்பித்தல் மட்டும் அனுமதிக்கப்பட்டது. இன்றைய ஆட்சியாளர்கள் எந்த வழியில் நடக்கிறார்கள்? பொதுத்துறை ஆலைகளை மூடுகிறார்கள், விற்கிறார்கள். அரசுப் பணியிடங்களை நிரப்பாமல் விடுகிறார்கள். மாறாகத் தொழில்முனைவுப் பயிற்சி தருகிறார்கள். நூறாண்டுக்கு முன் மார்லி பிரபு சொன்னதைத்தான் இன்று சுதேசி மொழியில் சொல்கிறார்கள்.

சமஸ்தானத்தைப் புகழ்ந்து பாடுவது இங்கே நோக்கமன்று. 1902இல் சிவசமுத்திரத்தில் பிறந்த மின்சாரம் முதலில் ஓடியது கோலார் தங்கவயலுக்கு. அங்கே பாதாளத்தில் இறங்கியவர்களுள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள், அவர்களிலும் மிகப் பலர் தலித்துகள். லாபம் இலண்டனுக்குச் சென்றது. கல்வியிலும் இதே கேள்வி எழுந்தது. பிராமணரல்லாதார் பிரதிநிதித்துவம் கோரியபோது 1918இல் மில்லர் குழு அமைக்கப்பட்டது. அதை எதிர்த்த விஸ்வேஸ்வரய்யா பதவியிலிருந்து விலகினார். எதைக் கற்பிப்பது என்பதோடு யாருக்குக் கற்பிப்பது என்ற கேள்வியையும் கேட்காமல் எந்தக் கல்வியையும் மதிப்பிட முடியாது.

சுயதொழில் என்னும் பெயர்

தொழில்முனைவு பெருகிவிட்டது என்பதற்கு அரசு காட்டும் சான்று என்ன? காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, வேலையில் இருப்போருள் சுயதொழில் செய்வோரின் பங்கு 2017–18இல் 52.2 விழுக்காடு; 2023–24இல் 58.4 விழுக்காடு. இந்தக் கணக்கில் குடும்பத் தொழிலில் ஊதியமே இல்லாமல் உழைக்கும் பெண்களும் அடங்குவர். வேறு வேலை கிடைக்காமல் நிலத்துக்குத் திரும்பியவரும் தள்ளுவண்டி தள்ளுபவரும் அடங்குவர்.

மைசூரின் சந்துகளில் வீட்டிலிருந்தபடி ஊதுவத்தி உருட்டும் பெண்களையும் பீடி சுற்றும் பெண்களையும் எண்ணிப் பாருங்கள். சொந்த வீடு, சொந்த முறம், சொந்தக் கத்தரி. நேரத்தைத் தாமே வகுத்துக்கொள்கிறார்கள். மின்கட்டணம் அவர்களுடையது, மழையில் சரக்கு நனைந்தால் நட்டமும் அவர்களுடையது. மேலாண்மை நூல்களின் இலக்கணப்படி இடர் ஏற்பவரே தொழில்முனைவோர் எனில், இந்தப் பெண்களே தொழில்முனைவோர். ஆனால் மூலப்பொருள் ஒப்பந்தக்காரருடையது, விலை நிறுவனத்துடையது, லாபம் பிறருடையது. இடர் மட்டும் அவர்களிடம் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. எண்ணி எடுக்கும்போது ஆயிரத்தில் எத்தனை பீடி கழித்துக் கட்டப்படும் என்பது வரை முன்கூட்டியே கணக்கிட்டுச் சுற்றும் ஒரு பெண்ணுக்கு அடக்க விலைக் கணக்கைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

தொழிற்சாலையிலும் இதுவே நிலைமை. ஜாவா, எஸ்டி மோட்டார் சைக்கிள்களை 1961 முதல் செய்துவந்த மைசூரு ஆலை 1996இல் மூடப்பட்டது. ஒவ்வொரு உறுப்பையும் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தத் தெரிந்த தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். இன்றும் அந்த வண்டிகளைப் பழுது பார்க்கத் தெரிந்த கைகள் இந்நகரில் உண்டு. அறிவு அவர்களிடம் இருந்தது. இயந்திரத்தின் மீதான உரிமை இருக்கவில்லை. முதலாளி தொழிலை நடத்தத் தெரிந்ததால் முதலாளி ஆவதில்லை, மூலதனத்தை உடைமையாகக் கொண்டிருப்பதால்தான் தொழிலை நடத்தும் அதிகாரம் அவருக்கு வந்து சேர்கிறது என்று மார்க்ஸ் ‘மூலதன’த்தில் விளக்கியது இதைத்தான்.

தொழிலாளர்களின் பள்ளி

அப்படியானால் உழைப்பாளர்கள் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி நடத்துவது இயலாத செயலா? வரலாறு இல்லை என்கிறது.

காபி வாரியம் தனது காபி ஹவுஸ்களை மூட முடிவு செய்து, தொழிலாளர்களை வெளியேற்றத் தொடங்கியபோது, தோழர் ஏ.கே. கோபாலன் அவர்களுக்கு ஒரு யோசனை சொன்னார்: அவற்றை நீங்களே ஏற்று நடத்துங்கள். 1957 ஆகஸ்டில் பெங்களூருவில் முதல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் டெல்லியிலும் 1958 மார்ச்சில் திருச்சூரிலும் தொழிலாளர்களின் காபி ஹவுஸ்கள் திறக்கப்பட்டன. கோப்பை ஏந்திய கைகள் கணக்கேட்டையும் ஏந்தின. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அவை நடக்கின்றன. தொடங்கும்போதே விற்றுவிட்டு வெளியேறும் நாளைக் கணக்கிடும் ஸ்டார்ட்அப் நிறுவனங்களுள் எத்தனை இவ்வளவு காலம் நீடிக்கும்?

கண்ணூரில் நடந்தது இன்னும் பெரிது. பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கான 1966ஆம் ஆண்டுச் சட்டத்தை இ.எம்.எஸ். தலைமையிலான கேரள அரசு நடைமுறைப்படுத்த முற்பட்டபோது, மங்களூரின் பீடி முதலாளிகள் 1968இல் கடையைக் கட்டிக்கொண்டு சட்டம் அமலாகாத இடத்துக்குப் போனார்கள். ஏறத்தாழ 12,000 தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். 1969 பிப்ரவரியில் தினேஷ் பீடிக் கூட்டுறவு பிறந்தது. தொழிலாளர்களின் பங்குத் தொகையில் பெரும்பகுதியை அரசே கடனாக அளித்தது. குறைந்தபட்சக் கூலி, விடுமுறை, ஓய்வூதியம் அனைத்தையும் கொடுத்தும் அது வளர்ந்தது. உச்ச காலத்தில் 40,000க்கும் மேற்பட்டோர் அதில் பணியாற்றினர்.

அந்தத் தொழிலாளர்கள் எந்த மேலாண்மைப் பள்ளியில் படித்தார்கள்? கண்ணூர்ப் பீடிக் கூடங்களில் ஒருவர் நாளிதழை உரக்க வாசிப்பார். மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள், விவாதிப்பார்கள். வாசிப்பவரின் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். சங்கக் கூட்டத்தில் வரவு செலவு கேட்டுப் பழகியவர்கள், வேலை நிறுத்தத்தில் அரிசி பங்கிட்டுப் பழகியவர்கள் அவர்கள். ஒன்றுகூடி முடிவெடுப்பதும் முடிவுக்குக் கட்டுப்படுவதும் அங்கே கற்பிக்கப்பட்டன. இங்கிலாந்தின் ராச்டேலில் 1844இல் கூட்டுறவுக் கடை தொடங்கிய தொழிலாளர்களும், உபரியில் ஒரு பகுதியைக் கல்விக்கென ஒதுக்கும் விதியை வகுத்துக்கொண்டார்கள்.

கூட்டுறவு முதலாளித்துவக் கடலில் ஒரு தீவு என்பதை மறந்துவிடக் கூடாது. பீடிப் பழக்கம் குறைந்தது. சட்டத்தை ஏய்த்துக் குறைந்த கூலியில் சுற்றப்பட்ட பீடிகள் சந்தையில் போட்டியிட்டன. தினேஷ் கூட்டுறவின் பீடித் தொழிலாளர் எண்ணிக்கை வெகுவாகச் சுருங்கியது. உணவுப் பொருள், குடை என வேறு தொழில்களுக்கு அது மாற வேண்டியிருந்தது. கூட்டுறவுகளால் மட்டும் வேலையின்மை ஒழிந்துவிடும் என்று சொல்வது இன்னொரு மாயை. எனினும், ஒரு நிறுவனத்தை நடத்துவதற்கு முதலாளி இன்றியமையாதவர் என்ற கூற்றை அவை பொய்யாக்கிக் காட்டியிருக்கின்றன. ஆட்சியில் இருப்பவர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பது ஒரு நிறுவனத்தின் பிறப்பைத் தீர்மானிக்கும் என்பதையும் அவை காட்டியிருக்கின்றன.

முடிவாக

தொழில்முனைவைக் கற்பிக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை இதுதான். தொழிலை நடத்தும் திறனைக் கற்பிக்கலாம், கற்பிக்கவும் வேண்டும். மூலதனத்தையும் கடனையும் சந்தையையும் கற்பிக்க முடியாது. அவற்றைத் தர வேண்டும். தருவதற்கு மறுக்கும் அரசு கற்பிப்பதைப் பற்றி மட்டும் பேசும்போது, தோல்வியின் பழி கற்றவர் மீது விழுகிறது. கடை மூடப்பட்டால் உனக்கு ஊக்கம் போதவில்லை என்கிறார்கள். வேலை போனால் உனக்குத் திறன் போதவில்லை என்கிறார்கள். ஹெப்பாள் வாசலில் பெட்டியுடன் நின்ற இளைஞரிடம் சொல்லப்பட்டதும் அதுவே.

ஆகவே கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். நிரப்பப்படாத அரசுப் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். கணக்கியலும் கூட்டுறவுச் சட்டமும் தொழிலாளர் சட்டமும் அரசுக் கல்லூரிகளில் கட்டணமின்றிக் கற்பிக்கப்பட வேண்டும். சொத்துப் பிணை கேட்காத பொதுத்துறை வங்கிக் கடன் கைவினைஞர்களுக்கும் தலித், பழங்குடி இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் உறுதி செய்யப்பட வேண்டும். தொழிலாளர் கூட்டுறவுகளின் பொருள்களை அரசு கொள்முதல் செய்ய வேண்டும். வீட்டிலிருந்து உழைக்கும் பெண்கள் தொழில்முனைவோர் என்ற பெயரால் சட்டத்துக்கு வெளியே தள்ளப்படாமல், தொழிலாளர்களாக அங்கீகரிக்கப்பட வேண்டும்.

தொழிற்சங்கத்துக்கும் ஒரு கடமை உண்டு. வேலையிழந்த இளைஞர் தமது தோல்விக்குத் தாமே காரணம் என்று நம்பிக்கொண்டு அறைக்குள் முடங்குவதற்கு முன், சங்கத்தின் கதவு அவருக்குத் திறந்திருக்க வேண்டும். கண்ணூர்ப் பீடிக் கூடத்தில் நாளிதழ் வாசித்த அந்தக் குரல் மைசூரின் ஊதுவத்திச் சந்துகளிலும் மென்பொருள் ஊழியர்களின் விடுதிகளிலும் கேட்க வேண்டும்.